நான் பிடித்துவைத்த கடிதம்

போதகர் இன்னும் கடிதம் தரவில்லை என்று உன்னிடம் நான்கு முறை சொன்னேன். நான்கு முறையும் பொய். நீ கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் எழுதி, முத்திரை குத்தி, உறையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். உன் பிறப்புச் சான்றிதழும் எங்கள் அடையாள அட்டைப் பிரதிகளும் கிடக்கிற அந்த பிஸ்கட் டின்னுக்குள் பதின்மூன்று வாரமாக அது இருந்தது. நீ அங்கே வேல்ஸில், பென்ட்ரகூம் என்கிற அந்தச் சின்ன ஊரில், அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலில் உறுப்பினனாகச் சேர அது வேண்டும் என்று தெரிந்துதான் வைத்திருந்தேன். மறதி இல்லை, சோம்பலும் இல்லை. பொறாமை. பெற்ற மகன் மீது தகப்பனுக்குப் பொறாமை வருமா என்று கேட்பாய். வந்தது. உன்மீது வந்தது, உன்னைச் சேர்த்துக்கொள்ளப் போகிறவர்கள் மீது இன்னும் அதிகமாக வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், இந்த வரிசை வீடுகளில், எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுக்கிற கை இது. எனக்காக ஒரு மனுகூட எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன், இங்கே யார் கேட்டாலும் வாசித்துக் காட்டுவேன். மூடிய கடிதத்தை வைத்துக்கொண்டு நான் செய்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை நம் நேரத்துக்கு நாலு மணிபோல அங்கே பாட்டுத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில்தான் சிக்னல் வரும் என்பது உனக்குத் தெரியும். மழையென்றால் குடையோடும் வெயிலென்றால் தலையில் துண்டோடும் அங்கே நின்று நீ காட்டுவதைப் பார்ப்பேன். முந்நூறு பேர் உட்காரக்கூடிய கோயில், மேலே மாடி வேறு. உள்ளே பத்தொன்பது பேர். பாதிப் பேருக்கு முழங்கால் மடங்காது. ஆனால் அந்தப் பத்தொன்பது பேரும் நாலு குரலாகப் பிரிந்து பாடத் தொடங்கினால் போன் என் உள்ளங்கையில் அதிரும். அவர்களுடைய வேல்ஷ் மொழியைப் பேசினதற்காக ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கழுத்தில் கட்டையைத் தொங்கவிட்டார்கள் என்று நீ சொன்னாய். அந்த மொழியில் நீ பாடுகிறாய், கண்ணை மூடிக்கொண்டு, அடிக்குரலில். இங்கே ஒன்பது வயதுக்குப் பிறகு நம் கோயிலில் வாயைத் திறக்காதவன் நீ. ஒருநாள் பக்கத்து லயத்து மரியாயி அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இவனுக்குத் தொண்ட இருக்கறது இப்பதான் எனக்குத் தெரியும். இங்க இருந்தப்ப எங்க வச்சிருந்தான்?"  எனக்குப் பதில் தெரியும்.

பாட்டு முடிந்ததும் பின்னறையில் தேநீரும் கேக்கும். நீ போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கோப்பை கழுவுவாய். ஆளாளுக்கு வந்து உன்னிடம் பேசுவார்கள். இருமல் எப்படி இருக்கிறது, வேலை நேரத்தை மாற்றினார்களா, இந்தக் குளிருக்குக் காலில் அந்தச் சப்பாத்துப் போதுமா. முதல் நாள் நீ பக்கத்தில் உட்கார்ந்ததும் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட அந்தப் பெண், மூன்று மாதத்தில் உனக்குக் கையுறை பின்னிக் கொண்டுவந்தாள். இதையெல்லாம் நீ சந்தோஷமாகச் சொன்னாய். நானும் "நல்லதுப்பா, நல்லதுப்பா" என்றேன்.  இந்தத் தோட்டத்தில் நாலு தலைமுறையாக இருக்கிறோம். ஆபீஸ் பெரிய கிளாக்கரோ, ஃபெக்டரி டீமேக்கரோ, அவர்கள் வீட்டு ஆட்களோ, கோயில் வாசலில் ஒருநாளாவது உன்னிடம் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்களா?

எம்ரிஸைப் பற்றி எழுதாமல் இந்தப் பொறாமை முழுதாகாது. எண்பது வயது, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சு கெட்டுப்போன மனிதர், இரண்டாவது வரிசையில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி உன்னைக் கூப்பிட்டவர். செத்துப்போன தம்பியின் இடமாம் அது. நாலு வருடம் யாரையும் உட்கார விடவில்லையாம். நீ ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய் அவருடைய கால் நகத்தை வெட்டிவிடுகிறாய். நீ முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவன், அது உன் தொழில், ஆனால் இவருக்கு யாரும் சொல்லாமல் நீயாகவே செய்கிறாய். "காலு ரொம்பக் கூசும்ப்பா அவருக்கு. பாட்டுப் பாடிக்கிட்டிருந்தாத்தான் வெட்ட விடுவாரு" என்று சிரித்தாய். போனை வைத்துவிட்டு நான் என் வலது காலைப் பார்த்தேன். ஃபெக்டரியில் பெட்டி விழுந்து நசுங்கிய பெருவிரல், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த நகம். அதை உன் அம்மா திட்டிக்கொண்டே வெட்டுகிறாள். நீ ஒருநாளும் வெட்டினதில்லை. நானும் உன் முன்னால் காலை நீட்டினதில்லை. அப்பன் என்றால் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ண வேண்டும் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஒரு வெள்ளைக்காரர் வெட்கப்படாமல் காலை நீட்டிவிட்டார், நீயும் பிடித்துக்கொண்டாய். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் எனக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

உன் தொண்டையை நான் எங்கே வைத்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது என்று நீ நம்பாமல் இருக்கலாம். நம் கல் கோயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கட்டினார். கல் சுமந்தது நம் ஆட்கள், ஆனால் அது துரையின் கோயில். துரைமார் போன பிறகு முன் பெஞ்சுகள் ஆபீஸ் ஆட்களுக்கு, பின்னால் பாய் லயத்து ஆட்களுக்கு. யாரும் சட்டம் போடவில்லை, பலகையும் மாட்டவில்லை. அதற்கெல்லாம் அவசியமே இல்லை, நாங்களே போய்ப் பாயில் உட்கார்ந்துவிடுவோம். உனக்கு ஒன்பது வயது. ஒரு சங்கீதத்தை முழுதாக, ஒரு சொல் தட்டாமல் ஒப்புவித்தாய். அப்போதிருந்த போதகர் கைதட்டினார். நீ அந்தச் சந்தோஷத்தில் திரும்பி வராமல் முன் பெஞ்சிலேயே கிளாக்கர் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். கிளாக்கர் அம்மா மிக மரியாதையாகத்தான் சொன்னார்: "தம்பி, எந்திரிங்க. ஒங்க எடம் பின்னால இருக்குல்ல." நீ எழும்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் வந்து உன்னைக் காப்பாற்றுவேன் என்று நினைத்திருப்பாய். நான் வந்தேன். கையைப் பிடித்து இழுத்து, எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தேன். அறைந்துவிட்டு, "மன்னிச்சிக்கங்கம்மா, பய தெரியாம ஒக்காந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்தேன். அறையைக்கூட நீ மறந்திருப்பாய். அந்தச் சிரிப்பை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மூடிய வாயைத்தான் எம்ரிஸ் பெஞ்சைத் தட்டித் திறந்துவிட்டார். நான் பூட்டியதை இன்னொருவன் வந்து திறந்தால் எனக்கு எரியாதா?

அந்தக் கோயிலை யார் கட்டினார்கள் என்று ஒருநாள் கேட்டேன். ஏதாவது ஒரு துரை கட்டியிருப்பான், குத்திக் காட்டலாம் என்று காத்திருந்தேன். நீ சொன்னாய்: "இவங்கதான்ப்பா கட்டுனாங்க. சுரங்கத்து மொதலாளி போற கோயிலு வேற. அங்க போனா அவருக்குப் பின்னால ஒக்காரணும்னு, வேல முடிஞ்சு வந்து கல்லுச் சொமந்து தனியாக் கட்டிக்கிட்டாங்களாம்."  நம் ஆட்களும் லயத்துக்குக் கீழே மாரியம்மன் கோயிலைச் சொந்தக் கையால் கட்டினார்கள். ஆனால் அங்கேயும் சங்கத்துத் தலைவர்மார்தான் முன்னால். விடவில்லை நான். "அப்ப முன்னால வட்டமா அடச்சு ஒரு பெரிய பெஞ்சு இருக்கே, அது யாருக்கு?" என்றேன். "மூப்பருங்களுக்கு. சபைதான் ஓட்டுப் போட்டு எடுக்கும். இப்ப ஒரு பஸ் டிரைவர், ஒரு ஸ்கூல் சமையல்காரம்மா, எம்ரிஸ்." இன்னும் விடவில்லை. "கோயிலு நெறஞ்சு கெடந்த காலத்துல ஒன்னைய ரெண்டாவது வரிசையில ஒக்கார விட்டிருப்பாங்களா? இப்ப ஆளு இல்ல, அதான் ஒன்னைய இழுக்கிறாங்க. கேட்டுப் பாரு." நீ கேட்கமாட்டாய் என்று நினைத்தேன். நீ கேட்டுவிட்டாய். அடுத்த வாரம் பதில் கொண்டுவந்தாய்: "எம்ரிஸ் தெரியலன்னு சொன்னாருப்பா. அப்பறம் கொஞ்ச நேரம் கழிச்சு, யாரு கேக்கச் சொன்னதுன்னாரு. எங்கப்பான்னேன். ஒங்கப்பாவ எனக்குப் புடிச்சிருக்குன்னாரு." அந்த மனிதரை வெறுக்க எனக்கு இருந்த ஒரே பிடியும் அதோடு போய்விட்டது. அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

இந்த நேரத்தில்தான் நீ சபை மாற்றுக் கடிதம் கேட்டாய். ஒரு சபையில் இருந்து இன்னொரு சபைக்குப் போகிறவன் கையோடு கொண்டுபோக வேண்டிய தாள். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பதுளையில் இருந்து வருவார், வழி அப்படி. அவர் அலமாரியில் இருந்து பதிவேட்டை எடுத்து உன் பெயரைத் தேடினார். "கடிதம் இப்பவே தாறேன். அவங்க சேத்துக்கிட்டோம்னு பதில் போட்டதும் இங்க ஒரு கோடு போடணும்" என்றார். "கோடு போடாம விட முடியாதாங்கய்யா?" என்று கேட்டேன். "ரெண்டு எடத்துல ஒரு பேரு இருக்கக் கூடாதுங்க." அவர் பக்கங்களைப் புரட்டும்போது நான் பார்த்தேன். எத்தனையோ பெயர்கள் சிவப்பு மையில் கோடு இழுத்துக் கிடந்தன. அதில் ஒன்று உன் பெரியப்பாவுடையது. எனக்குப் பன்னிரண்டு வயதில் பதுளை ஸ்டேஷனில் வைத்து அவரைக் கோச்சி ஏற்றிவிட்டோம். இந்த நாட்டுக்காரன் இல்லை என்று எழுதி, பார்த்தேயிராத இந்தியாவுக்கு அனுப்பிய கோச்சி. ஜன்னலுக்குள் இருந்தவர்களும் அழுதார்கள், வெளியே நின்றவர்களும் அழுதார்கள். நாலு கடிதம் வந்தது. கடைசிக் கடிதத்தில் குளிராக இருக்கிறது என்று எழுதியிருந்தார். பிறகு ஒன்றும் இல்லை. எந்த ஊரில், எந்த மண்ணில் இருக்கிறார் என்று இன்றுவரை தெரியாது. பெயர்மீது சிவப்புக் கோடு விழுந்த யாரும் இந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். இது என் டின்னுக்குள் இருக்கும்வரை அந்தக் கோடு விழாது. பயத்தால் வைத்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பாதிதான் பயம். மீதி, எம்ரிஸ் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்ற கெட்ட புத்தி.

நான்காவது முறை நீ கேட்ட அன்றைக்கு உன் அம்மாவும் வளைவில் என் பக்கத்தில் நின்றாள். "கடிதம் இல்லாமலும் சேத்துக்குவாங்கப்பா, எம்ரிஸ் சொல்லிட்டாரு" என்றாய். "பின்ன எதுக்குடா அலையிற?" என்றேன். நீ சொன்னதை அன்றைக்குத்தான் காதில் வாங்கினேன். ஒருவேளை முன்னாலும் சொல்லியிருப்பாய். "அவங்க பதிவேட்டுல எந்தச் சபையில இருந்து வந்தாருன்னு ஒரு கட்டம் இருக்குப்பா. எல்லாருக்கும் ஏதாவது ஒரு ஊரு எழுதியிருக்கு. கடிதம் இல்லாமப் போனா என் கட்டம் வெறுமையா இருக்கும். அதுல நம்ம மடுல்சீமைன்னு எழுதணும்." நான் வாயைத் திறந்தேன், வந்தது அதே பொய்தான்: "போதகர் இன்னும் தரலப்பா." நீ சரி என்று சொல்லி வைத்துவிட்டாய். என் பேச்சைச் சந்தேகிக்காமல் வைத்துவிட்டாய்.

 உன் அம்மா லயத்துக்கு இறங்கி வந்து கொழுந்துக் கூடையை ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டாள். "போதகர் தரலையா?"

"இல்ல."

"பிஸ்கட் டின்ன நேத்து நான் தொறந்தேன். கிராம சேவகர் ஐடி கொப்பி கேட்டாருன்னு."

நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தேன்.

"அன்னைக்கி ஆபீஸ் ஜன்னல்ல நின்னு தொண்ட கிழியக் கத்துனது யாரு? நீங்கதான? இப்ப நீங்களே கிளாக்கர் ஆயிட்டீங்க. காக்கிக் கால்சட்ட ஒண்ணுதான் கொறச்சல்."

அவள் சொன்னது எந்த நாளை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் இது எல்லாரும் வாசிக்கப் போகிற கடிதம், அதனால் எழுதுகிறேன். லயத்துக்கு விலாசம் கிடையாது. கதவுக்கு எண் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை. நம் எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அவர்களுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நமக்குக் கிடைக்கும். தாதியர் பயிற்சிக்கு உன்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட கடிதம் அங்கே ஒரு லெட்ஜருக்கு அடியில் மூன்று வாரம் கிடந்து, நேர்முகம் முடிந்த பிறகு உன் கைக்கு வந்தது. நான் போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தவன் கடுதாசியப் புடிச்சு வைக்க நீங்க யாரு?" என்று கத்தினேன். "நாங்க என்ன தபால்காரனா? வந்து கேட்டுப் பாத்துக்கணும்" என்றார் கிளாக்கர், தலையைக்கூடத் தூக்காமல். இங்கே தாதியாக வேண்டிய நீ அங்கே போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டுவது அந்த லெட்ஜரால்தான். இத்தனை வருடம் அந்த ஆளை நான் சபித்தேன். அதே வேலையை, அதே மாதிரி, தலையைத் தூக்காமல் நானும் செய்தேன். அவனாவது அலட்சியத்தில் செய்தான். நான் தெரிந்தே செய்தேன்.

போன ஞாயிறு போதகர் வருகிற ஞாயிறு. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பாயைத் தாண்டி நடந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தேன், நீ ஒன்பது வயதில் உட்கார்ந்த அதே முனையில்.  இப்போதைய கிளாக்கரின் மனைவி வந்து நின்றார். வேறு ஆள், வேறு காலம், ஆனால் அதே மரியாதை. "அண்ணே, அது நாங்க ஒக்காருற எடம்."

"தெரியும்மா" என்றேன். "நகந்துக்கிறேன், வாங்க." நகர்ந்தேன். எழும்பவில்லை. அவர் நடுவில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.  பின்னால் பாயில் இருந்து மரியாயி அக்கா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்து என் காதில் சொன்னாள்: "இத்தன வருசமா மெத்து மெத்துன்னு இருக்கும்னு நெனச்சேன். வெறும் பலகதானா?" நான் சிரித்தேன். அந்தக் கோயிலில் நான் பயப்படாமல் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆராதனை முடிந்ததும் போதகரிடம் பதிவேட்டைக் கேட்டேன். "கோடு பதில் வந்த பொறகு போடுங்கய்யா. ஆனா எங்க போறான்னு பேருக்குப் பக்கத்துல இப்பவே எழுதுங்க" என்றேன். அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றார். "எங்க அண்ணன் பேருக்குப் பக்கத்துல யாரும் எழுதல. அதான் எங்க தேடுறதுன்னு தெரியாமப் போச்சு" என்றேன். அவர் பேனாவைத் திறந்தார். ஊர்ப் பெயரை நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் கோயில் வாசல் பலகையைப் பதினொரு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பகையாளி வீட்டு விலாசம் மாதிரி மனப்பாடம். அவர் உன் பெயருக்குப் பக்கத்தில் அதைக் கறுப்பு மையில் எழுதினார். திங்கட்கிழமை கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன். ஆபீஸ் பையில் அல்ல. மடுல்சீமைத் தபால் ஆபீஸ் வரைக்கும் நடந்துபோய் என் கையால் போட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு, இருந்தாலும் சொல்கிறேன். அவர்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான் உன்னைச் சேர்க்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு சேர், அதற்காக அவர்கள்மீது அன்பைக் குறைக்காதே. நாளைக்கு உன்னை அந்தப் பெரிய பெஞ்சில் உட்கார வைத்தாலும் கதவுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டே இரு. உனக்குப் பிள்ளை பிறந்து, அது தன் இடம் இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தால், நீயும் போய்ப் பக்கத்தில் உட்கார். எம்ரிஸுக்கு நகம் வெட்டுவதை நிறுத்தாதே. நீ இங்கே வரும்போது நான் காலை நீட்டுவேன், திட்டாமல் வெட்ட வேண்டும்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது ஐந்தாவது பொய். போகவில்லை. உன்னை எழுப்பி நிறுத்திப் பெயர் சொல்லிச் சேர்க்கிற அந்த ஞாயிறு நான் வளைவில் நிற்பேன், உன் அம்மாவும் ஞாயிற்றுக் கொழுந்துக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நிற்பாள். அன்றைக்குப் போனைச் சுவரில் சாய்த்து வைக்காதே, யார் கையிலும் கொடுக்காதே. இரண்டாவது வரிசையில் உனக்கும் எம்ரிஸுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். அங்கே வை. எம்ரிஸிடம் சொல், கொஞ்சம் நகர்ந்து உட்காரட்டும்.